வெயில் பக்கத்து டயர்கள்

வண்டி வலது பக்கம் இழுக்கிறதா, அல்லது இழுப்பதாக மனசு ஜோடிக்கிறதா என்பது மணவாளனுக்கு விளங்கவில்லை. மணப்பாறை தாண்டியதிலிருந்து இதே ஆராய்ச்சிதான். ஸ்டியரிங்கைப் பிடித்த விரல்களைக் கொஞ்சம் தளர்த்திப் பார்க்கிறார்; வண்டி நேராகப் போகிறது. நேராகப் போகிற மாதிரி போய்விட்டு, ரோட்டு நடுவில் நட்டிருக்கிற அரளிச்செடிகள் ஒரு முழம் கிட்டே வந்துவிட்ட மாதிரியும் இருக்கிறது. ரோட்டை இடது பக்கம் வாட்டமாகத்தானே போட்டிருப்பான், மழைத்தண்ணீர் ஓடுவதற்கு? அப்படியென்றால் கையை விட்டால் வண்டி இடது பக்கமல்லவா போகவேண்டும்? இடது பக்கம் போகவேண்டியது நேராகப் போகிறதென்றால் வலது பக்கம் ஏதோ பிடித்து இழுக்கிறது என்றுதானே அர்த்தம்? முப்பத்தொரு வருஷம் சர்வேயர் வேலை பார்த்து, ஊரான் வீட்டு வேலி அரை அடி நகர்ந்திருப்பதை எட்ட நின்றே சொன்ன மனுஷனுக்குத் தன்னுடைய சின்னக் கார் எந்தப் பக்கம் சாய்கிறது என்று சொல்லத் தெரியவில்லை. இன்னொரு தடவை விரல்களை எடுத்தார். "ஏங்க, கைய ஏன் எடுக்கறீங்க?" என்றாள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த செங்கமலம். "வேர்க்குது, தொடச்சுக்கறேன்," என்று சொல்லிப் பேண்டில் துடைத்துக்கொண்டார். கை உண்மையாகவே வேர்த்துத்தான் இருந்தது, ஆகையால் அது பொய்யில் சேராது என்று அதற்கும் ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டார். அவள் மடியில் வளையல் அட்டைப்பெட்டி. பச்சையும் சிவப்புமாகப் பத்து டஜன் கண்ணாடி வளையல், ஞாயிற்றுக்கிழமை திண்டுக்கல்லில் மகள் கோதைக்கு வளைகாப்பு. பெட்டியைப் பின்சீட்டில் வை என்றால் கேட்கவில்லை, அங்கே சீர்த்தட்டு, பழம், புடவை, அரிசிப்பை என்று கூரை வரைக்கும் அடைத்திருக்கிறது. வண்டி குலுங்கும்போதெல்லாம் பெட்டிக்குள் கலகலவென்று ஒரு சத்தம். அந்தச் சத்தத்துக்கு அடியில் டயர் சத்தத்தை அவர் காதைத் தீட்டிக்கொண்டு தேடுகிறார். வளையல் பேசுவதை நிறுத்தினால் டயர் என்ன சொல்கிறது என்று கேட்கலாம். நல்ல ரோடு வந்தால் வளையல் அடங்குகிறது, டயரும் அடங்கிவிடுகிறது. குண்டும் குழியுமாக வந்தால் இரண்டும் சேர்ந்துகொண்டு கத்துகின்றன. செங்கமலத்தின் வலது கால் தரையை அழுத்திக்கொண்டிருக்கிறது. அவள் பக்கத்தில் பிரேக் இல்லை, ஆனாலும் திருச்சியிலிருந்து இத்தனை தூரமும் அவள் பிரேக் போட்டபடியேதான் வருகிறாள். மூன்று வருஷத்துக்கு அப்புறம் அவர் ஓட்டுகிற காரில் அவள் ஏறியிருப்பது இன்றைக்குத்தான். கல்யாணம், சாவு எதுவானாலும் அவர் காரில் போவார், அவள் பஸ்ஸில் போவாள். பார்க்கிறவர்கள் புருஷன் பெண்டாட்டிக்குள் ஏதோ தகராறு என்று நினைத்துக்கொள்வார்கள். தகராறு இருந்திருந்தால்கூடத் தேவலை என்று அவருக்குத் தோன்றியதுண்டு. கோதைதான் போனில் அழுது சாதித்தாள், வளைகாப்பு முடிந்து என்னை அழைத்துக்கொண்டு போகும்போது நீயும் அப்பாவும் கார்லதான் கூட்டிட்டுப் போகணும், ஏழு மாச வயித்தோட நான் பஸ்ல வரமாட்டேன் என்று. ஆக, ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் இதே டயர்கள்மேல் கோதையும் உட்காருவாள், அவள் வயிற்றில் இருக்கிறதும் உட்காரும். வலது பக்க டயர்கள்மேல்.

வலது பக்க டயர்களைக் காலையில் அவரேதான் கெடுத்தார். கெடுத்தார் என்று இப்போது தெரிகிறது, செய்தபோது ஜாக்கிரதை என்று தெரிந்தது. இன்றைக்கு வெள்ளிக்கிழமை, பத்தரைக்கு ராகு காலம். வளையல்காரர் பதினொன்றுக்கு முன்னால் வரமுடியாது என்று சொல்லிவிட்டார், வளையல் இல்லாமல் வளைகாப்புக்குப் போகமுடியாது. செங்கமலம்தான் யோசனை சொன்னாள்: பத்து மணிக்கே வண்டியை எடுத்துக்கொண்டுபோய்த் தெருமுனை அனுமார் கோயிலில் நிறுத்திவிடுங்கள், மஞ்சள் குங்குமமும் ஒரு புடவையும் அதில் இருக்கட்டும், நல்ல நேரத்தில் வீட்டைவிட்டுப் புறப்பட்டதாக ஆகிவிடும், அப்புறம் பன்னிரண்டுக்கு மேல் நாம் நடந்துபோய் ஏறிக்கொள்ளலாம் என்று. பரஸ்தானம் என்று அதற்குப் பேர். பஞ்சாங்கத்தை ஏமாற்றவும் பஞ்சாங்கமே வழி வைத்திருக்கிறது. "ஒங்களுக்கும் நிதானமா காத்து பாத்துக்க நேரம் கெடைக்குமில்ல," என்றும் சொன்னாள். அதை அவள் சொன்ன விதம் இருக்கிறதே, அதை இப்போது நினைக்கவேண்டாம். வண்டியைக் கொண்டுபோய்க் கோயில் மதிலை ஒட்டி வடக்குப் பார்த்து நிறுத்தினார். காற்று அளக்கிற கேஜ் அவசரத்தில் வீட்டு மேஜைமேலேயே நின்றுவிட்டது. சரி, கிளம்பும்போது பார்த்துக்கொள்ளலாம், பரஸ்தானம் வைத்துவிட்டுத் திரும்பத் திரும்ப வண்டிக்குப் போய்வருவது நன்றாயிருக்காது என்று விட்டுவிட்டார். பன்னிரண்டே காலுக்குப் போய் குனிந்து அளந்தால் இடது பக்கம் இரண்டும் முப்பத்திமூன்று, கதவோரத்தில் ஒட்டியிருக்கிற ஸ்டிக்கரில் என்ன போட்டிருக்கிறதோ அதே. வலது பக்கம் முன்டயர் முப்பத்தேழு, பின்டயர் முப்பத்தாறரை. அவருக்குத் தூக்கிவாரிப்போட்டது. போன ஞாயிற்றுக்கிழமை நாலும் ஒன்றாக இருந்ததே, காற்று எப்படிக் கூடும், யாராவது கைவைத்தார்களா? முப்பத்தேழோடு இந்த வெயிலில் நாற்கரச் சாலையில் போனால் நாற்பதைத் தாண்டுமே, நாற்பதைத் தாண்டினால் வெடிக்குமே, வெயில் காலத்தில் காற்றைக் குறைத்து வை என்று ஊரே சொல்கிறதே. கேஜின் முனையாலேயே ஊசியை அழுத்தி உஸ் உஸ்ஸென்று இறக்கி, அளந்து, மறுபடி இறக்கி, நாலையும் முப்பத்திமூன்றுக்குக் கொண்டுவந்த பிறகுதான் மூச்சு வந்தது. ஊசி திரும்பச் சரியாக உட்கார்ந்ததா என்று பார்க்க ஒரு துளி எச்சிலைத் தொட்டு வால்வு வாயில் வைத்தால் போதும், கசிந்தால் குமிழி விடும். சைக்கிள் காலத்திலிருந்து செய்கிற வேலைதான். விரல் நாக்குவரை போனது. எதிரே அனுமார். வெண்ணெய்க் காப்பில் அவரையே பார்த்துக்கொண்டு. சந்நிதிக்கு நேரே நின்று எச்சில் தொடுவதாவது! விரலை வேட்டியில் துடைத்துக்கொண்டார். வேட்டியா? இல்லை, பேண்ட். பார், இதுகூடச் சரியாக நினைவில்லை. மூடியைத் திருகினாரா? முன்டயர் மூடியைத் திருகியது ஞாபகம் இருக்கிறது. பின்டயர் மூடி கையில் இருந்தது, அப்போதுதான் செங்கமலம் பெட்டியோடு தெருவில் வந்தாள், அவர் நிமிர்ந்தார், அப்புறம்?

சட்டைப்பையைத் தடவிப் பார்த்தார். மூடி இல்லை. இல்லையென்றால் திருகிவிட்டார் என்றும் வைத்துக்கொள்ளலாம், கீழே போட்டுவிட்டார் என்றும் வைத்துக்கொள்ளலாம். அது போகட்டும், மூடி தூசிக்குத்தான், காற்றைப் பிடித்து வைத்திருப்பது ஊசி. ஊசியைத்தான் பார்க்கவில்லை. எந்த இடத்தில் புத்தி வந்தது என்று யோசித்தால் மணப்பாறைக்கு முந்தின பாலத்தில். ரோட்டோரம் இரண்டு பேர் சங்கிலி பிடித்து நிலம் அளந்துகொண்டிருந்தார்கள், ஒருத்தன் தலையில் ஈரத் துண்டு. பாவம் இந்த வெயிலில் என்று நினைத்த மறுகணம் நெஞ்சில் அடித்த மாதிரி இருந்தது. வெயிலில் சங்கிலி நீளும். வேலையில் சேர்ந்த முதல் வாரமே தலைமை சர்வேயர் சொல்லிக்கொடுத்தது. காலையில் அளந்ததும் நடுப்பகலில் அளந்ததும் ஒன்றாக இருக்காது, அதற்குத் தக்கபடி கணக்கைத் திருத்தவேண்டும், இல்லாவிட்டால் ஒருத்தன் நிலம் இன்னொருத்தனுக்குப் போய்விடும். இரண்டு மணி நேரம் கிழக்கு வெயில் வண்டியின் வலது பக்கத்தைத்தானே காய்ச்சியது, இடது பக்கம் மதிலோர நிழல். காற்று கூடவும் இல்லை, யாரும் கைவைக்கவும் இல்லை. சூடுதான் கூடியது. நல்லாயிருந்த டயரிலிருந்து நாலு பாயிண்ட் காற்றை அவர் பிடுங்கி வெளியே விட்டிருக்கிறார். ஆறினால் இருபத்தொன்பது. ஊசியும் கசிந்தால் இருபத்தைந்து, இருபது. பின்னால் ஆள் கனத்துக்குச் சாமான், ஸ்டிக்கரில் பாரம் ஏற்றினால் பின்டயருக்கு மூன்று கூட வைக்கச் சொல்லியிருக்கிறது, அவர் குறைத்து வைத்திருக்கிறார். குரங்கு முன்னால் உட்கார்ந்து செய்த காரியம் வேறெப்படி முடியும். (ஆஞ்சநேயா, மன்னித்துக்கொள், இது வேறு கோபம்.) இருபத்தொன்பதில் வண்டி ஓடாதா என்ன, ஊரில் பாதி வண்டி இருபத்தைந்தில்தான் ஓடுகிறது, ஒருத்தன் குனிந்து பார்ப்பதில்லை என்று ஒரு குரல். காற்று குறைந்த டயர் ஓரத்தால் நடக்கும், ஓரம் மடங்கி மடங்கிச் சூடாகும், சூடு ஏறினால் உள்ளுக்குள் பொடியும் என்று இன்னொரு குரல். இரண்டாவது குரல் யாருடையது என்று அவருக்குத் தெரியும். அதற்குள் ஒரு பெட்ரோல் பங்க் வருகிறது. காற்று இலவசம் என்று பெரிதாக எழுதியிருக்கிறது, உள்ளே சின்ன மரத்தடியில் மிஷினும் தெரிகிறது. இண்டிகேட்டரில் கை வைத்தார். செங்கமலத்தின் கால் தரையை இன்னும் அழுத்தியது. நிறுத்தினால் ஏன் என்பாள். காற்று பார்க்க என்றால், காலையில் பார்த்தீர்களே என்பாள். முகம் வெளுக்கும். அடிபட்ட அந்த இடது கையைத் தானாகவே அவள் வலது கை போய்ப் பிடித்துக்கொள்ளும், அவருக்குத் தெரியும். திரும்ப இறங்கி, ரோட்டைத் தாண்டி, பஸ்ஸுக்கு நின்றாலும் நிற்பாள். மூன்று வருஷம் காத்திருந்து கிடைத்த பக்கத்து சீட்டு அது. பங்க் பின்னால் போய்விட்டது. கண்ணாடியில் சின்னதாகிக்கொண்டே போவதைப் பார்த்துக்கொண்டிருந்தவர், லாரியின் ஹாரன் கேட்டுத்தான் ரோட்டுக்குத் திரும்பினார்.

மடியில் கனம் இருந்தால்தான் வழியில் பயம் என்பார்கள். அவருக்குக் கனம் மடியிலா இருக்கிறது? மூன்று வருஷத்துக்கு முந்தி ஒரு திங்கட்கிழமை, பெரம்பலூர் ரோடு. திங்கட்கிழமை ஏழரைக்கு ராகு காலம், அதற்கு முன்னால் படி தாண்டவேண்டும் என்று செங்கமலம் பறந்தாள், ஏழு இருபதுக்குத் தாண்டியும்விட்டார்கள். எட்டேகாலுக்கு இடது பின்டயர் போயிற்று. வெடித்த சத்தம்கூடப் பெரிதாக இல்லை, யாரோ கனமான மூட்டையைத் தொப்பென்று போட்ட மாதிரி. அப்புறம் வண்டி அவர் பேச்சைக் கேட்கவில்லை. மைல்கல் வந்தது, கதவு உள்ளே வந்தது, அவள் கை நடுவில் அகப்பட்டுக்கொண்டது. அவள் கத்தவில்லை. கையைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். அந்தப் பார்வைக்கு எதையாவது பதிலாகத் தரவேண்டியிருந்தது. "காத்து பாக்கணும்னு சொன்னேனே, கேட்டியா? ராகு காலம் ராகு காலம்னு பறந்தியே!" இதுதான் அவர் சொன்னது. மனைவியின் மணிக்கட்டு புடவைக்குள் தொங்கிக்கொண்டிருக்கும்போது அவர் வாயிலிருந்து வந்த முதல் சொல். அவர் சொல்லியிருக்கவில்லை. காற்று பார்க்கவேண்டும் என்று அன்றைக்குக் காலையிலும் சொல்லவில்லை, அதற்கு முந்தின ஐந்து மாசத்தில் நினைக்கக்கூட இல்லை. டயர் என்பது வண்டிக்கு அடியில் கறுப்பாக ஏதோ இருப்பது, அவ்வளவுதான். நாலு நாள் கழித்து டயர்க்கடைக்காரர் அந்தக் கிழிசலை விரித்துக் கையை உள்ளே விட்டு ஒரு பிடி அள்ளிக் காட்டினார், காப்பிப்பொடி மாதிரி கறுப்புப் பொடி. "ஆணியும் இல்ல, ஒண்ணும் இல்ல சார். காத்து கொறைஞ்சே ஓடியிருக்கு. ஓரம் பூரா உள்ள பொடிஞ்சு கெடக்கு பாருங்க. ரெண்டு மூணு மாசமாவே இப்படித்தான் இருந்திருக்கும்." அந்தப் பொடியை அவர் கையிலும் கொஞ்சம் கொட்டினார். மணவாளன் தண்ணீர் கேட்டு வாங்கிக் கழுவிக்கொண்டு, செங்கமலம் இருந்த ஆஸ்பத்திரிக்குப் போனார். போகிற வழியெல்லாம் சொல்லிவிடுவது என்றுதான் போனார். உள்ளே நுழையும்போதே அவள் கட்டிலைச் சுற்றி நின்றவர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்: "அவரு அப்பவே தலைதலையா அடிச்சுக்கிட்டார், காத்து பாத்துட்டுப் போலாம்னு. நாந்தான் போற வழியில பாத்துக்கலாம்னு இழுத்துட்டு வந்தேன். என் அவசரத்துக்கு ஆண்டவன் குடுத்தது." எல்லோரும் திரும்பி அவரைப் பார்த்தார்கள். எவ்வளவு பொறுமைசாலி என்று பார்த்தார்கள். அவர் ஆரஞ்சுப்பழப் பையை மேஜையில் வைத்தார். அப்போது சொல்லியிருக்கலாம். இத்தனை பேர் முன்னால் எப்படி என்று தள்ளிப்போட்டார். ராத்திரி சொல்லியிருக்கலாம், அவள் தூங்கினாள். கை கூடட்டும், உள்ளே வைத்த தகடு உட்காரட்டும், கோதை கல்யாணம் முடியட்டும். எலும்பு கூடிற்று, கல்யாணம் முடிந்தது. இடியாப்பம் பிழியமுடியாத கையோடு அவள் அடுப்படியில் நிற்பதை வாசலில் நின்று பார்த்துவிட்டு எத்தனை தடவை திரும்பியிருப்பார். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் விடியற்காலை, வண்டி ஆறியிருக்கும்போது, கேஜோடு நாலு சக்கரத்தையும் சுற்றி வருவார். எதிர்வீட்டு வாத்தியார் தன் பையனுக்கு அவரைக் காட்டி, சாரைப் பார்த்துக் கற்றுக்கொள் என்று சொல்வார். அவர் அளந்துகொண்டேயிருப்பார். நாலும் முப்பத்திமூன்று. அந்த நம்பரைப் பார்த்தால் ஒரு வாரத்துக்குத் தாங்கும்.

இன்றைக்கு அந்த நம்பரும் இல்லை. இப்போது வலது முன்டயர் எவ்வளவு? ஓட்டத்தில் சூடேறி முப்பத்திமூன்றுக்கே வந்திருக்கும், சூடான முப்பத்திமூன்று, ஆனால் அது குளிர்ந்த முப்பத்திமூன்று ஆகாது. கசிந்திருந்தால் அதுவும் இல்லை. கசிந்திருந்தால் ஸ்டியரிங் கனக்கும், கனக்கிறதா? கனக்கிறது. காலையில் இவ்வளவு கனக்கவில்லை. காலையில் கனத்தது யாருக்கு ஞாபகம் இருக்கிறது. அறுபதில் போனால் சூடு குறையும் என்று அறுபதுக்கு இறக்கினார். பின்னால் வந்த பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு தாண்டியது, அதன் காற்றில் கார் ஒரு உதறு உதறியது, வளையல்கள் கலகலவென்றன. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய், சரிதான், ஆனால் பேய் ஒரு தடவை வந்துவிட்டுப் போன வீடாயிற்றே இது. வெடித்தால் பிரேக் போடக்கூடாது. அன்றைக்குப் போட்டார். ஸ்டியரிங்கைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு ஆக்சிலேட்டரை மெல்ல விடவேண்டும், எழுதி எழுதி மனப்பாடம் செய்தாயிற்று. வலது பக்கம் வெடித்தால் அரளிச்செடிக்குப் போவோம், செடிக்கு அந்தப் பக்கம் எதிர் லாரி. இடது பக்கம் வெடித்தால் மறுபடி அவள் கை. வலது பக்கம் வெடிப்பதே மேல், நாம் இருக்கிற பக்கம், என்று நினைத்தபோது ஒரு கணம் நிம்மதியாகக்கூட இருந்தது, உடனே எதிர் லாரிக்குப் பக்கம் தெரியுமா என்று அந்த நிம்மதியும் போயிற்று. இந்தப் பரஸ்தானத்தையாவது அவள் சொல்லாமல் இருந்திருந்தால்! விடியற்காலை வீட்டு வாசலிலேயே ஆற அமரப் பார்த்திருப்பார், எல்லாம் ராகு காலத்தால் என்று மனசு கிளம்பியது. கிளம்பிய வேகத்திலேயே நின்றது. அதே பேச்சு. பெரம்பலூர் ரோட்டில் வந்த அதே பேச்சு, மூன்று வருஷம் ஆகியும் வாயில் தயாராக இருக்கிறது. அவள் எதற்காக அந்த யோசனையைச் சொன்னாள்? பஞ்சாங்கத்துக்காகவா? அவருடைய காற்றுக்காக. இனிமேல் இந்த மனுஷரை அவசரப்படுத்தக்கூடாது, நல்ல நேரமும் தவறக்கூடாது, அவர் நிதானமாகக் குனிந்து பார்க்கவும் வேண்டும் என்று மூன்று வருஷம் யோசித்துக் கண்டுபிடித்தது போல அல்லவா சொன்னாள். செய்யாத தப்புக்கு அவள் இன்னும் பரிகாரம் தேடிக்கொண்டிருக்கிறாள். ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்தார். பிடித்த பிடியில் அது வலது பக்கம் போவது போல் இருந்தது. இன்னொரு பங்க் வந்து போயிற்று.

"காத்து பாக்கணுமாங்க?" என்றாள் செங்கமலம்.

அவர் திரும்பவில்லை. "ஏன் கேக்கறே?"

"மணப்பாறையிலேருந்து பாக்கறேன். பங்க் வந்தா அங்கே பாக்கறீங்க, அப்பறம் என்னப் பாக்கறீங்க. பாத்துக்கிட்டே போலாம். அன்னிக்கு மாதிரி நான் ஒண்ணும் தடுக்கமாட்டேன்."

அன்னிக்கு மாதிரி. இந்த இரண்டு சொல்லுக்கு மேல் வண்டியை ஓட்ட அவரால் முடியவில்லை. வையம்பட்டிக்கு முன்னால் ரோட்டோரம் ஒரு பஞ்சர் கடை, வேப்பமரத்தில் பழைய டயரை மாட்டி அதில் பெயிண்டில் 'காத்து' என்று எழுதியிருந்தது. ஓரம் கட்டினார். கடைக்காரர் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார், ஐம்பது வயசிருக்கும். வலது பக்கம் குனிந்து அளந்தார். "முன்னாடி முப்பத்திமூணரை, பின்னாடி முப்பத்திமூணு." இடது பக்கம் போய் அளந்தார். "இங்க முப்பத்தேழு இருக்கு. என்ன சார், ஒரு பக்கத்துக்கு ஒரு நியாயமா?" மணவாளன் விஷயத்தைச் சொன்னார். கடைக்காரர் சிரித்துவிட்டார். "வெயில்ல நின்ன வண்டிக்குக் காத்து எறக்குவாங்களா? படிச்சவரா இருக்கீங்க!" ஊசியைப் பாருங்கள் என்று கேட்டதும், அவர் விரலை நாக்கில் தொட்டு இரண்டு வால்வு வாயிலும் வைத்தார். மணவாளன் குத்துக்காலிட்டு உட்கார்ந்து பார்த்தார். எச்சில் பளபளத்தது, குமிழி இல்லை. மூடியும் இரண்டிலும் இருந்திருக்கிறது, கடைக்காரர் கையில் இரண்டையும் காட்டினார். அவ்வளவுதான் விஷயம். மணப்பாறையிலிருந்து செத்துச் செத்துப் பிழைத்ததெல்லாம் வீண். வலது பக்கத்தை இடது பக்கத்துக்குச் சமமாக ஏற்றச் சொல்லிவிட்டு எழுந்தார். நியாயமாகப் பார்த்தால் இப்போது பயம் போயிருக்கவேண்டும். போகவில்லை. நிழலில் செங்கமலம் பெட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள், இடது கை அடியில், வலது கை பக்கத்தில். இறங்கும்போதுகூட அதைச் சீட்டில் வைக்கவில்லை.

"செங்கமலம், அன்னிக்கு நான் சொல்லல."

"என்ன சொல்லல?"

"காத்து பாக்கணும்னு. பெரம்பலூர் போன அன்னிக்கு. நான் சொல்லவே இல்ல. நீ தடுக்கவும் இல்ல. அடிபட்டதும் பயத்துல பழிய ஒம்மேல போட்டுட்டேன். அஞ்சு மாசமா நான் டயரத் தொட்டுக்கூடப் பாக்கல. டயர்க்கடைக்காரர் பொடிய அள்ளிக் கையில குடுத்தாரு. எல்லாம் எந்தப்பு. ஒங்கை போனது என்னாலதான்."

சொல்லிவிட்டார். மூன்று வருஷம் தள்ளிப்போட்டது ஒரு மூச்சில் முடிந்துவிட்டது. கம்ப்ரெஸர் தடதடவென்று ஓடிக்கொண்டிருந்தது. அவள் திட்டட்டும், பெட்டியைக் கீழே போட்டு உடைக்கட்டும், பஸ் ஏறிப் போகட்டும் என்று தலையைக் குனிந்துகொண்டு நின்றார்.

"நீங்க சொன்னீங்க," என்றாள்.

"இல்ல செங்கமலம்."

"சொன்னீங்க. எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. வாசப்படியில ஒரு கால வச்சு செருப்ப மாட்டிக்கிட்டு, கார் சாவிய வாயில கவ்விக்கிட்டுச் சொன்னீங்க. எனக்குப் புரியல. சாவிய எடுத்துட்டுப் பேசுங்கன்னு சொன்னேன். எடுத்துட்டு மறுபடி சொன்னீங்க, காத்து பாத்துட்டுப் போலாம்னு. நான் கேக்கல."

சாவியை வாயில் கவ்வுவது அவர் வழக்கம்தான். எந்த நாளிலோ எதற்கோ கவ்வியிருப்பார், அவளும் எடுத்துட்டுப் பேசுங்க என்றிருப்பாள். அதை எடுத்து இந்த நாளில் வைத்து ஒட்டியிருக்கிறாள். தானாக ஒட்டிக்கொண்டிருக்கிறது. அவர் சொன்ன ஒரு பொய்க்கு அவள் வாசப்படி, செருப்பு, சாவி எல்லாம் வைத்து வீடே கட்டிவிட்டாள், இதில் எங்கே போய்க் கல்லை உருவுவது. "அது வேற நாளு, செங்கமலம். நம்பு. நான் சொல்லல," என்றார். குரல் கெஞ்சியது.

"கோதை ஏதாவது சொன்னாளா ஒங்ககிட்ட? அம்மா இன்னும் அதையே நெனச்சு மருகறான்னு?" அவள் கண் கலங்கியிருந்தது. "என் மனசு ஆறணும்னு நீங்க இப்பிடியெல்லாம் சொல்லவேண்டாங்க. இந்த மூணு வருஷத்துல ஒருநாளாவது சொல்லிக் காட்டியிருப்பீங்களா? ஒரு தடவ? வேற ஒருத்தரா இருந்தா தெனம் குத்தியிருப்பாங்க. அதுவே போதும் எனக்கு."

கடைக்காரர் ஆயிற்று என்று கையைக் காட்டினார். நாலும் ஒன்றாக இருந்தன. செங்கமலம் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, தானே கதவைத் திறந்து முன்சீட்டில் ஏறினாள். வளையல் பெட்டியைக் காலடியில் வைத்தாள், சீட்டில் நன்றாகச் சாய்ந்துகொண்டாள். வண்டி கிளம்பி வேகம் எடுத்தபோதும் அவள் கால் தரையை அழுத்தவில்லை. வையம்பட்டி தாண்டியதும் போன் அடித்தது, கோதை. "வந்துட்டே இருக்கோம்டி. கார்லதான்... இல்ல, பயமெல்லாம் ஒண்ணுமில்ல." குரலைத் தாழ்த்திக்கொண்டாள், பக்கத்தில் இருக்கிறவருக்குக் கேட்காது என்ற நினைப்பு. "ஒங்கப்பா என்ன சொன்னாரு தெரியுமா? அன்னிக்கு நடந்ததுக்கு நான் காரணமே இல்லியாம், எல்லாம் அவரு தப்பாம். நடுரோட்டுல நின்னு சொல்றாருடி. இப்பிடி ஒரு மனுஷனை நான் மூணு வருஷமா கார்ல தனியா விட்டேன் பாரு." போனை வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். சாலை நேராக இருந்தது, வண்டியும் நேராகப் போனது. மணவாளன் இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தார்.

"நெசமாத்தான் சொல்றேன் செங்கமலம். நான் சொல்லல."

"சரிங்க, சரிங்க," என்று அவர் தோளை மெல்லத் தட்டினாள். "ரோட்டப் பாத்து ஓட்டுங்க."